சீட்டுக்குப் பாடுவதா, சபைக்குப் பாடுவதா

கல்யாண வரவேற்பிலும் கோயில் கொடையிலும் வாசித்துப் பிழைக்கிற ஆர்கெஸ்ட்ராக்காரரிடம் கச்சேரி பேசப் போகிறவர் முதலில் கேட்பது தொகை. அடுத்துக் கேட்பது, "எந்தப் பாட்டு கேட்டாலும் வாசிப்பீங்கல்ல?" அதற்கு "வாசிச்சிடலாம்ணே" என்பதைத் தவிர வேறு பதில் சொல்லி அட்வான்ஸ் வாங்கியவர் அபூர்வம். எத்தனை பாட்டு கைவசம் இருக்கிறது என்று கேட்டால் ஐந்நூறு, ஆயிரம் என்று எண் ஏறும். அந்த எண்ணில் பொய் இருக்க வேண்டும் என்பதில்லை. ஏதோ ஒரு காலத்தில், ஏதோ ஒரு மேடையில் அத்தனையும் வாசிக்கப்பட்டிருக்கலாம். ஆனால் அதற்கும் இன்றிரவு ஏழு மணிக்கு அந்த மண்டபத்தில் நடக்கப்போவதற்கும் சம்பந்தம் குறைவு. என் கட்சி இதுதான்: மேடையை நம்பிப் பிழைக்கும் இசைக்காரர், தனக்குத் தெரிந்த பாட்டுகளில் பெரும்பாலானவற்றை மேடைப் பட்டியலிலிருந்து தானாகவே எடுத்துவிட வேண்டும்; கேட்ட பாட்டுக்கு "இன்னைக்கு இல்லீங்க" என்று கூசாமல் சொல்லப் பழக வேண்டும். இது உழைக்க மனமில்லாதவன் பேச்சு என்று நினைக்கிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். உழைப்பு எங்கே போகிறது என்ற கணக்குதான் என் வாதத்துக்கே அடிப்படை.

ஒரு சீட்டு மேடையேறும்போது என்ன நடக்கிறதென்று பாருங்கள். மொய்க் கவரின் மூலையைக் கிழித்து, பால் பாயிண்ட் பேனாவால் ஒரு பாட்டின் முதல் நான்கு சொல்லும், கீழே யாருக்காக என்று ஒரு பெயரும் எழுதியிருக்கும். அறிவிப்பாளர் அதைப் பாடகரிடம் நீட்டுகிறார். பாடகர் கீபோர்டுக்காரரைப் பார்க்கிறார். கீபோர்டுக்காரர் நினைவில் தேடுவது பாட்டை அல்ல, ஸ்கேலை. ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டையில் நிற்கிற ஆண் குரலும் ஐந்து, ஐந்தரைக் கட்டையில் நிற்கிற பெண் குரலும் ஒரே டூயட்டைப் பாட வேண்டும் என்றால் எந்த இடத்தில் சமரசம் என்று முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். டிரான்ஸ்போஸ் பட்டனை அமுக்கிக் கீபோர்டு தப்பித்துக்கொள்ளும். புல்லாங்குழல்காரர் பையைத் திறந்து வேறு குழல் எடுக்க வேண்டும், தபேலாக்காரர் சுத்தியலைத் தேட வேண்டும். இதற்குள் சபை பேச ஆரம்பித்துவிட்டது. அப்புறம் பாட்டு தொடங்குகிறது. பல்லவிக்குக் கைதட்டல் கேட்கிறது. முதல் பிஜிஎம் ஒருமாதிரி கடந்துவிடும். இரண்டாவது பிஜிஎம்மில்தான் எல்லாம் வெளிவரும்: இளையராஜா பாட்டாக இருந்தால் அந்த இடத்தில் வயலின்கள் முதல் பிஜிஎம்முக்குச் சம்பந்தமே இல்லாத வேறொரு வழியில் போகும், அந்த வழி கேட்பவர்களில் பாதிப்பேருக்கு மனப்பாடம். பல்லவி ஊருக்கே தெரியும். இரண்டாவது சரணமும் அதற்கு முந்தைய பிஜிஎம்மும் தெரிந்த குழுவுக்குத்தான் அந்தப் பாட்டு தெரியும் என்று நான் ஒத்துக்கொள்வேன்.

இனி கணக்கு. ஒரு குழுவின் பட்டியலில் 600 பாட்டு இருப்பதாக வைத்துக்கொள்வோம். கச்சேரி மூன்று மணி நேரம். அறிவிப்பு, நன்றி, மாலை மரியாதை எல்லாம் போக முப்பது பாட்டு பாடலாம். சாமி பாட்டில் தொடங்கி குத்துப்பாட்டில் முடிகிற அந்த முப்பதில் இருபது எந்த ஊருக்குப் போனாலும் மாறாது, மாற்றினால் ஜனங்கள் விடமாட்டார்கள். மிச்சம் பத்து இடம். மாதம் எட்டுக் கச்சேரி கிடைத்தால், அது நல்ல மாதம், எண்பது இடம். மீதியுள்ள 580 பாட்டும் ஒரு சுற்று வர ஏழு மாதத்துக்கு மேல் ஆகும். அதுவும் ஒரு பாட்டை இரண்டு முறை பாடாமல் இருந்தால். முகூர்த்தம் இல்லாத ஆடியையும் மார்கழியையும் சேர்த்தால் கணக்கு இன்னும் நீளும். ஏழு மாதம் கை படாத பாட்டில் எது நிற்கும்? மெட்டு நிற்கும், பல்லவி நிற்கும். கோரஸ் எங்கே நுழைகிறது, டோலக் எந்த இடத்தில் நடையை மாற்றுகிறது என்பதெல்லாம் கரைந்திருக்கும். அதுவும் ஒருவரிடம் கரைந்தால் போதும், குழுவின் எட்டுப் பேரும் தடுமாறுவார்கள். ஒத்திகை வைத்துச் சரிசெய்யலாமே என்றால், பகலில் வேறு வேலைக்குப் போய்விட்டு மாலையில் வேனில் ஏறுகிற எட்டுப் பேரை ஒரே அறையில் சேர்ப்பதற்குள் வாரம் ஓடிவிடும். ஆக, அந்த 600 என்பது கையிருப்புப் போலத் தெரிந்தாலும் உண்மையில் கடன்; யாராவது கேட்கும்போதெல்லாம் அடைக்க முடியாமல் முழிக்க வைக்கிற கடன்.

கேட்டதும் பாட்டு வரவேண்டும் என்ற எதிர்பார்ப்பு எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் எனக்கு வானொலிதான் நினைவுக்கு வருகிறது. மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீது போன்றவர்களின் குரலில் இலங்கை வானொலி தமிழ்நாட்டு வீடுகளுக்குள் வந்துகொண்டிருந்த காலத்தில் நேயர் விருப்பம் ஒரு தலைமுறையின் பழக்கமாயிற்று. ஒரு தபால் அட்டை போட்டால் பாட்டு வரும், கூடவே பெயரும் வரும். நிலையத்தில் இசைத்தட்டு இருந்தது; எடுத்து ஊசியை வைத்தால் போதும். இன்று கையிலிருக்கும் போன் அந்தத் தபால் அட்டைக்குக்கூட வேலையில்லாமல் செய்துவிட்டது. மேடையில் இருப்பவர்களிடம் இசைத்தட்டு கிடையாது. ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சமைத்துத்தான் பரிமாற வேண்டும். ஆனால் சீட்டு எழுதுகிற கை வானொலிக்கு அட்டை எழுதிய அதே கைதான். அந்தக் கையை நான் குறை சொல்லவில்லை. தனக்குத் தெரியாத ஒரு விலையை அது கேட்கிறது, அவ்வளவுதான். அந்த விலையைச் சொல்ல வேண்டியவர் மேடையில் இருப்பவர்.

நம் பழைய கச்சேரி மரபு இதை அடிதடியில்லாமல் தீர்த்து வைத்திருக்கிறது. இன்று நாம் பார்க்கிற கர்நாடகக் கச்சேரிப் பத்ததியை நிலைநிறுத்தியவர் என்று அரியக்குடி ராமானுஜ ஐயங்காரை (1890–1967) சொல்வார்கள். வர்ணத்தில் தொடங்கி, கிருதிகளை அடுக்கி, பிரதான உருப்படியைப் பாடித் தனி ஆவர்த்தனம் விடுவது வரைக்கும் அரங்கு வித்வானுடையது. அதற்குப் பிறகு வரும் துக்கடாவில்தான் சீட்டுக்கு வாசல் திறக்கும். இதிலுள்ள சாமர்த்தியத்தை நாம் போதுமான அளவு மெச்சவில்லை என்று நினைக்கிறேன். விருப்பத்தை மறுக்கவும் இல்லை, அதன் கையில் கச்சேரியைக் கொடுக்கவும் இல்லை. கேட்பது பதமோ, ஜாவளியோ, திருப்புகழோ, எதுவானாலும் சிறிய உருப்படி; சறுக்கினாலும் கச்சேரி சாயாது. மதுரை மணி ஐயரின் கச்சேரியில் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் செய்த இங்கிலீஷ் நோட்டுக்காகவே ஜனங்கள் காத்திருப்பார்கள் என்பது ரசிகர்கள் அறிந்த கதை. அது வர வேண்டிய நேரத்தில்தான் வந்தது; அதுவரை அவர் பாடிய ஸ்வரங்களையும் கேட்டுவிட்டுத்தான் போனார்கள். கோயில் நாகஸ்வரத்தில் சீட்டுக்கு வேலையே இல்லை. சாமி புறப்பாட்டுக்கு மல்லாரி, பள்ளியறைக்கு நீலாம்பரி என்று வேளையும் சடங்குமே பாட்டைத் தீர்மானிக்கின்றன. அதே வித்வான் கல்யாண வீட்டுக்கு வந்தால் நலங்குக்கு ஒன்று, ஊஞ்சலுக்கு ஒன்று போக, சினிமாப் பாட்டும் கேட்பார்கள். 1962-இல் வந்த 'கொஞ்சும் சலங்கை'யில் எஸ்.ஜானகியின் குரலோடு காருக்குறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரம் சேர்ந்த ஆபேரிப் பாட்டு இன்றும் கல்யாண மண்டபங்களில் ஒலிக்கிறது. ஆனால் கெட்டிமேளம் எப்போது என்பதை எந்தச் சித்தப்பாவும் சீட்டெழுதிக் கேட்பதில்லை.

"காசு கொடுக்கிறவன் கேட்கிறான், உனக்கென்ன?" என்பது வலுவான ஆட்சேபம். ஊர்த் திருவிழாவில், இன்னார் விரும்பிக் கேட்டு ஐந்நூறு ரூபாய் அன்பளிப்பு என்று மைக்கில் சொல்லும் வழக்கம் இருக்கும்போது அது காதில் விழாத மாதிரி இருக்கவும் முடியாது. ஆனால் காசு கொடுத்தவர் யார்? கல்யாணத்தில் பெண்ணின் அப்பா. திருவிழாவில் வரி கொடுத்த மொத்த ஊர். சீட்டு எழுதுகிறவர் பெரும்பாலும் இவர்களில் எவரும் இல்லை. முன்வரிசையில் மாப்பிள்ளையின் நண்பர்கள், மேடைக்குப் பக்கத்தில் நிற்கிற நாலு தைரியசாலிகள். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருக்கும் பெண்ணோ, கடைசி வரிசையில் கைத்தடியோடு இருக்கும் பெரியவரோ சீட்டு எழுதி நான் பார்த்ததில்லை. சீட்டுகளை வந்த வரிசையில் பாடினால் சபைக்குப் பாடியதாக ஆகாது. சத்தமாகக் கேட்கத் தெரிந்தவர்களுக்குப் பாடியதாகத்தான் ஆகும். எழுதாதவர்களின் சீட்டையும் படிக்கத் தெரிய வேண்டும். பந்திக்கு எழுந்து போகிறவர்கள் எந்தப் பாட்டுக்கு நின்றார்கள், குழந்தைகள் எப்போது மேடைக்கு முன்னால் ஓடி வந்தார்கள் என்பதெல்லாம் அந்தச் சீட்டுதான். கேட்பவருக்கும் பாதி நேரம் வேண்டியது பாட்டு அல்ல. தன் பெயரும், யாருக்காகக் கேட்டாரோ அவர் பெயரும் மைக்கில் வர வேண்டும்; வானொலி கொடுத்துப் பழக்கியதும் அதைத்தானே. "அந்தப் பாட்டு இன்னைக்குத் தயாரா இல்லீங்க, அதே ராஜா சார், அதே ஜானகியம்மா, உங்க நண்பருக்காக இதோ" என்று பெயரைச் சொல்லிவிட்டு நன்றாக வரும் பாட்டைப் பாடினால் கோபித்துக்கொள்பவர் குறைவு. கேட்ட பாட்டையே அரைகுறையாகப் பாடினால் அவரே தலையைக் குனிந்துகொள்வார், தன் பெயர் சொல்லித்தானே அதைக் கெடுத்தார்கள்.

டேப்லெட் வந்துவிட்டதே, வரியெல்லாம் திரையில் ஓடுமே என்பார்கள். ஓடட்டும், வரி மறக்கும் பயம் போனது நல்ல காரியம். ஆனால் திரை காப்பாற்றுவது சொல்லை மட்டும். இரண்டாவது பிஜிஎம் திரையில் வராது, எட்டுப் பேர் ஒருவரையொருவர் பார்த்து ஒரே நேரத்தில் நிறுத்துவதும் வராது. கண் திரைக்குப் போன பிறகு சபையை யார் பார்ப்பது என்ற கேள்வியும் இருக்கிறது. கரோக்கி டிராக்கைப் போட்டு அதன்மேல் பாடுவது இன்னும் ஒரு படி கீழே. அப்போது எந்தப் பாட்டும் சாத்தியம்தான், பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் எதற்கு என்பதுதான் தெரியாது.

நிறையப் பாட்டு தெரிந்திருப்பதே ஒரு பள்ளிக்கூடம் இல்லையா என்ற ஆட்சேபத்தை நான் முழுவதுமாக ஏற்கிறேன். 1976-இல் 'அன்னக்கிளி' வருவதற்கு முன், அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவில் ஊர் ஊராக மேடையேறியவர் இளையராஜா. அந்த அலைச்சலில் காதில் ஏறியதெல்லாம் பிறகு எந்தெந்த வடிவத்தில் வெளியே வந்ததோ யார் கண்டது. கற்பதற்கு நான் வரம்பு கட்டவில்லை. ஆயிரம் கற்கலாம், பத்தாயிரம் கேட்கலாம். விற்பனைக்கு வைப்பதில்தான் வரம்பு வேண்டும் என்கிறேன். அதிகம் கேட்கப்படும் பாட்டுகள் இல்லாமல் மேடை நிற்காது என்ற பயத்துக்கும் ஒரு பதில் நடந்திருக்கிறது. 2017-இல் இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்ததும், அமெரிக்கப் பயணத்தில் இருந்த எஸ்.பி.பாலசுப்ரமணியம் இளையராஜாவின் பாட்டுகளை விட்டுவிட்டு மற்றவற்றைப் பாடுவதாக அறிவித்தார். அவரிடம் மிச்சமிருந்ததே பல கச்சேரிக்குக் காணும் என்பது வாஸ்தவம். சின்னக் குழுவுக்கு அந்த வசதி கிடையாது. அதனாலேயே, கையில் இருப்பது எதுவோ அது பிசிறில்லாமல் இருக்க வேண்டிய அவசியம் அதற்கு இன்னும் அதிகம்.

எனக்கு உண்மையில் சங்கடம் தருகிற ஆட்சேபம் வேறு. எல்லாரும் இப்படிச் சுருக்கினால் ஐம்பதுகளின், அறுபதுகளின் அதிகம் அறியப்படாத பாட்டுகள் மேடையிலிருந்து அடியோடு போய்விடும். எந்த ஊரில் யார் பாடினாலும் அதே இருபதுதான் கேட்கும். பதிவுகளில் அவை இருக்கும் என்று சமாதானம் சொல்லலாம், அது எனக்கே போதவில்லை. மனிதர்கள் எதிரில் உட்கார்ந்து பாடுகிற பாட்டு வேறு. ஆகவே பட்டியல் சின்னதாக இருக்க வேண்டும், தேங்கி நிற்கவும் கூடாது. 120 பாட்டு என்று வைத்துக்கொண்டால், மாதம் ஐந்து உள்ளே வரட்டும், ஐந்து வெளியே போகட்டும். வருகிற ஐந்தில் இரண்டாவது யாரும் அடிக்கடி தொடாத பாட்டாக இருக்கட்டும். எதை எடுப்பது என்பதற்குச் சீட்டுகளே வழிகாட்டும்: அறிவிப்பாளர் அவற்றைக் கசக்கிப் போடாமல் வேனில் ஒரு கவரில் போட்டு வைத்தால் போதும். ஒரே பாட்டு மூன்று ஊரில் கேட்கப்பட்டிருந்தால் அடுத்த ஒத்திகையில் அதன் இரண்டாவது பிஜிஎம்மிலிருந்து ஆரம்பிக்கலாம். முதல் பிஜிஎம்மும் பல்லவியும் எப்படியும் வந்துவிடும்.