அம்மை பார்க்க ஆடும் பாவைகள்



நமது ஆலய மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் நடைபெறும் சிறுவர் கைவினை வகுப்பில் இம்முறை தோற்பாவை செய்யப் பழக்குகின்றோம். "படம் வெட்டி விளையாடுவதற்கும் கோயிலுக்கும் என்ன தொடர்பு?" என்று சில பெற்றோர் கேட்டனர். நியாயமான கேள்வி. இதற்கு விடை காண நாம் பாலக்காட்டுப் பக்கம் போய்வர வேண்டும்.

கேரளத்தின் பாலக்காடு, திருச்சூர், மலப்புறம் பகுதிகளிலுள்ள பத்திரகாளி கோயில்களில் தோற்பாவைக்கூத்து இன்றும் வழிபாடாகவே நடைபெறுகின்றது. இதற்கென்றே கட்டப்பட்ட நீண்ட மண்டபத்துக்குக் கூத்துமாடம் என்று பெயர். அங்கே மேற்பாதி வெள்ளையும் கீழ்ப்பாதி கறுப்புமான திரையைக் கட்டுவர். திரைக்குப் பின்னால் 21 விளக்குகள் வரிசையாக எரியும். கோயிலிலிருந்து கொண்டுவரும் சுடரால் அவற்றை ஏற்றுவர். முதலில் கணபதி வணக்கம். பின்பு இராம கதை விடியும்வரை தொடரும். கதையை விரிவாக ஆடி முடிக்க 21 இரவுகளும் செல்வதுண்டு.

ஏன் காளி கோயிலில் இராமாயணம்? அதற்கும் ஒரு கதை சொல்வர். இராம இராவண யுத்தம் நடந்த வேளையில் பத்திரகாளி தாரிகன் என்னும் அசுரனுடன் போர் செய்துகொண்டிருந்தாளாம். அதனால் இராவண வதத்தைக் காண அவளுக்கு வாய்க்கவில்லை. அந்தக் குறை தீரவே ஆண்டுதோறும் அவள் முன்னிலையில் பாவைகளை ஆட்டிக் காட்டுகின்றனர்.

ஆகவே அங்கே முதற் பார்வையாளர் அம்மையே. மனிதர் வருவதும் வராததும் அடுத்த விடயம். இந்தக் கூத்தை நேரிற் கண்டு ஆராய்ந்த ஸ்டூவர்ட் பிளாக்பேர்ன் 1996 இல் வெளியிட்ட நூலில், முன்னால் ஒருவருமே இல்லாத இரவுகளிலும் கலைஞர்கள் மணிக்கணக்காகப் பாடி ஆடியதை விவரிக்கின்றார். ஆள் இல்லையே என்று பாட்டைச் சுருக்குவதில்லை, விளக்கையும் அணைப்பதில்லை.

இதில் நமக்குப் புதுமை ஒன்றும் இல்லை. நியூ ஜேர்சியில் பனி கொட்டும் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நமது கோயிற் கதவைத் திறந்து பாருங்கள். மண்டபம் வெறுமையாக இருக்கும். குருக்களோ அபிடேகமும் அலங்காரமும் தீபாராதனையும் குறைவின்றிச் செய்துகொண்டிருப்பார். அடியார் எண்ணிக்கையைப் பார்த்துப் பூசை கூடுவதோ குறைவதோ இல்லை.

கணக்கெழுதுவது என் தொழில். வருகைப் பதிவேட்டைக் கண்டால் கூட்டிப் பார்க்காமல் விடமாட்டேன். ஆனால் சமய வகுப்புக்கும் தமிழ் வகுப்புக்கும் அந்தக் கூட்டுத்தொகையே இலாப நட்டம் ஆகிவிடாது. ஐந்து பிள்ளைகள்தான் வருகின்றனர், ஆகவே நிறுத்திவிடுவோம் என்று பேசும்போது, யார் முன்னிலையில் அதை நடத்துகின்றோம் என்பதை மறந்துவிடுகின்றோம்.

இன்னொரு செய்தியும் உண்டு. அந்தக் கூத்தில் பாடப்படுவது கம்பராமாயணம். ஆடுவோரின் வீட்டு மொழி மலையாளம். கம்பரின் தமிழ்ப் பாடல்களைத் தலைமுறை தலைமுறையாக மனனம் செய்து பாடுகின்றனர். பிறகு மலையாளம் கலந்த நடையில் பொருள் விரித்துச் சொல்கின்றனர். அவர்களைப் புலவர் என்றே அழைப்பர். சொர்ணூருக்கு அண்மையில் கூனத்தறையிலுள்ள இராமச்சந்திரப் புலவருக்கு 2021 இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. தமிழ் பேசாத வீடுகளிலே கம்பர் இத்தனை காலம் வாழ்ந்தது எப்படி? பாடலைத் தமிழில் வைத்தார்கள். விளக்கத்தைக் கேட்போரின் மொழியில் வைத்தார்கள். இரண்டையும் விடவில்லை.

யாழ்ப்பாணத்துக் கோயில்களில் கந்தபுராண படனம் கேட்டவர்களுக்கு இந்த முறை பழக்கமானதே. ஒருவர் பாட்டைப் படிக்க, மற்றொருவர் பயன் சொல்வார். இங்கே நம் பிள்ளைகளுக்குப் பயனை ஆங்கிலத்தில் சொல்வதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஆனால் "விளங்காத பாட்டு எதற்கு, ஆங்கிலம் மட்டும் போதும்" என்று தேவாரத்தை விட்டுவிட்டால், நாளை விளக்குவதற்கே ஒன்றும் இராது.

1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்தைவிட்டு மழையில் நடந்த இலட்சக்கணக்கான மக்களுள் எங்கள் குடும்பமும் ஒன்று. பொருளில் எதை எடுப்பது, எதை விடுவது என்று அன்று வீடு வீடாகத் தடுமாறினோம். நெஞ்சில் இருந்த தேவாரத்துக்கு அந்தத் தடுமாற்றம் இருக்கவில்லை. பொருள் முழுவதும் விளங்காத வயதில் பாடமாக்கியவை அவை. பொருள் பிற்காலத்தில் மெல்ல மெல்ல வந்து சேர்ந்தது. பிள்ளைகளுக்கும் அப்படியே வந்து சேரும்.

இனி, வகுப்பில் செய்யப்போவதைச் சொல்கின்றேன். முற்காலத்தில் பாவைகளை மான்தோலில் செய்தனர். இப்போது ஆட்டுத்தோல் போன்றவை பயன்படுகின்றன. நாம் தடித்த கறுப்பு அட்டையை எடுத்துக்கொள்வோம். உருவத்தைப் பெரும்பாலும் பக்கவாட்டில் வரைய வேண்டும். அப்போதுதான் மூக்கும் வாயும் நிழலில் தெளியும். முடி, மாலை, ஆடைக்கரை எல்லாம் சிறு துளைகளாலேயே அமையும். துளை வழியே வரும் வெளிச்சமே அணிகலனாகத் தோன்றும். கையைத் தனியாக வெட்டி நூலால் பொருத்தி, மெல்லிய மூங்கிற் குச்சி கட்டினால் பாவை ஆடத் தயார். பழைய வேட்டி ஒன்று திரையாகும். மண்டபத்தில் தீ விதிகள் உள்ளபடியால் எண்ணெய் விளக்குகளுக்குப் பதிலாக மின்விளக்கு வைப்போம். முதலில் எல்லோரும் பிள்ளையார் பாவையைச் செய்வோம்.

ஒவ்வொரு பிள்ளையும் தன் பாவைக்கு ஒரு தேவாரமோ திருப்புகழோ பாடமாக்கி வரட்டும். பாட்டைத் தமிழில் பாடட்டும். பொருளைத் தனக்கு வந்த மொழியில் சொல்லட்டும். பேரன் பேத்திக்குப் பாடிக்கொடுக்க அம்மம்மாமாரும் தாத்தாமாரும் கூட வாருங்கள். எத்தனை பேர் வந்தாலும் வகுப்பைக் குறித்த நேரத்தில் தொடங்குவோம். பார்ப்பதற்கு அம்மை இருக்கின்றாள்.

எல்லோருக்கும் அவள் திருவருள் கைகூடுவதாக. சுபம்.