காலாவதியான உரிமையும் காலாவதியாகாத பெயரும்

ஆக்கவுரிமை என்பது சமூகம் ஆய்வாளனோடு செய்துகொள்ளும் ஓர் ஒப்பந்தமாகும். கண்டறிந்ததை அவன் வெளியிடுகின்றான். அதற்கு ஈடாக, குறித்த காலம்வரை வேறெவரும் அதனைத் தயாரியாவண்ணம் சட்டம் காக்கின்றது. 1995 இல் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் புலமைச் சொத்து உடன்படிக்கை, அக்காலம் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்குக் குறைதலாகாது என விதித்தது. அதுவரை நோயாளி கொடுக்கும் கூடிய விலையை, ஆய்வுக்கு அவன் செலுத்தும் கடனென ஒருவாறு நியாயப்படுத்தலாம். ஆயின், கடன் தீர்ந்த பின்னரும் அவனிடம் வட்டி அறவிடுவது அறமாகுமா?

ஓர் உதாரணத்தை நோக்குவோம். லியோ ஸ்டேர்ன்பாக் உருவாக்கிய டயஸிபாம் என்னும் மருந்தை, ஹொஃப்மன் லா றோஷ் நிறுவனம் 1963 இல் வேலியம் என்ற வர்த்தகப் பெயருடன் ஐக்கிய அமெரிக்காவில் விற்பனைக்கு விட்டது. 1985 இல் அங்கே ஆக்கவுரிமை முடிவுற்றது. ஏனையோரும் அதனைப் பொதுப்பெயரில் தயாரிக்கலாயினர். மருந்து பொதுவுடைமையாயிற்று, பெயரோ உரிமையாளரிடமே நின்றது. ஏனெனில், ஆக்கவுரிமைக்கு முடிவுண்டு. வர்த்தகக் குறியையோ மீண்டும் மீண்டும் புதுப்பிக்கலாம்.

ஆகவே, மருந்துச்சீட்டில் எப்பெயர் எழுதப்படுகின்றது என்பது அற்ப விடயமன்று. பிற பொருள்களை வாங்குவோன் தானே தெரிந்து தானே விலை கொடுக்கின்றான். மருந்தையோ வைத்தியர் தெரிகின்றார். விலையை நோயாளி கொடுக்கின்றான். தெரிவும் செலவும் இருவேறு கைகளில் இருக்கும்போது, பழக்கத்தால் எழுதப்படும் ஒரு பெயரும் அறத்தின்பாற்பட்டதாகிவிடுகின்றது.

பேராசிரியர் சேனக பிபிலே இதனை நன்குணர்ந்தவர். அவரும் வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் 1971 இல் அளித்த அறிக்கையின் வழியே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றிற்று. அதன் முதல் தலைவரும் பிபிலேயே. இன்றியமையாத மருந்துகளைத் தெரிந்தெடுத்து, பொதுப்பெயரில், உலகளாவிய கேள்விப்பத்திரம் மூலம் கொள்வனவு செய்வதே அவர் வகுத்த நெறி.

மலிவான மருந்து தரங்குறைந்ததாக இராதோ என்பர் சிலர். இவ்வச்சம் புறக்கணிக்கத்தக்கதன்று. வலிப்புநோய் மருந்துகள் சிலவற்றில் குருதியிற் சேரும் அளவு சிறிது மாறினும் தீங்கு நேரலாம். ஆயின், இவ்வச்சத்திற்கு மருந்து பரிசோதனையேயன்றிப் புகழ்பெற்ற பெயரன்று. தரத்தை ஆய்வுகூடம் சான்றுபடுத்தல் வேண்டும். அவ்வாய்வுகூடத்தைப் பேணுவது அரசின் கடன். அரசு அதில் தவறுமாயின், பொதுப்பெயர் மீதான ஐயம் வலுக்கும். அதன் இலாபம் வர்த்தகப் பெயரையே சேரும்.

குறித்த நாளில் ஆக்கவுரிமை தானே முடிந்துவிடும். அதன் பயன் நோயாளியைத் தானே சென்றடைவதில்லை. பரிசோதிக்கும் அரசும், பொதுப்பெயரை எழுதும் வைத்தியரும், அதனைக் கேட்டுப்பெறும் குடிமகனும் தத்தம் கடமையைச் செய்யும்போதே அவ்வொப்பந்தம் முழுமை பெறும்.