பதவி போன மறுநாள்

அரசு ஊழியருக்கு வேலையில் சேரும் நாளிலேயே ஓய்வு பெறும் தேதி தெரிந்துவிடுகிறது. வாசுதேவநல்லூர்ப் பள்ளியில் ஒரு தலைமையாசிரியர் அறுபது வயதில் மாலையும் சால்வையுமாக வீடு திரும்புகிறார் என்றால், அதற்குள் தோட்டமோ டியூஷனோ கோயில் கமிட்டியோ ஏதாவது ஒன்றை அவர் பார்த்து வைத்திருப்பார். அமைச்சருக்கு அந்த வசதி கிடையாது. வாக்கு எண்ணும் நாளன்று மதியத்துக்குள் முடிந்துவிடும். அதற்குப் பிறகு என்ன செய்வது?

நாற்காலி எப்படிக் கைமாறுகிறது என்பதற்குப் பக்கத்துச் சங்கரன்கோவில் தொகுதியைப் பார்த்தாலே போதும். 1996-ல் ஜெயலலிதாவே பர்கூரில் தோற்றார், அ.தி.மு.க.வுக்கு மாநிலம் முழுவதும் கிடைத்தவை 4 இடங்கள். அதில் ஒன்று சங்கரன்கோவில், வென்றவர் சொ. கருப்பசாமி. 2011-ல் அமைச்சராக இருக்கும்போதே அவர் காலமானார். அடுத்த ஆண்டு நடந்த இடைத்தேர்தலில் நகராட்சித் தலைவராக இருந்த முத்துச்செல்வி சட்டமன்றத்துக்குப் போனார். அவர் விட்டுச் சென்ற நகராட்சி நாற்காலிக்கு வந்த வி.எம். ராஜலட்சுமி, 2016-ல் எம்.எல்.ஏ.வாகி ஆதிதிராவிடர் நலத்துறை அமைச்சரும் ஆனார். 2021-ல் ஐந்தாயிரத்துச் சொச்சம் வாக்குகளில் தோற்றார்.

தேர்தல் அறிவித்ததும் நிழற்குடைகளிலும் குடிநீர்த் தொட்டிகளிலும் எழுதியிருக்கும் பெயர்கள் மேல் தாள் ஒட்டுவார்கள். முடிவு வந்ததும் தாளைக் கிழித்தால் பாதி எழுத்து அதோடு வந்துவிடும். கொஞ்ச நாளில் பக்கத்திலேயே புதிய பெயர், புதிய பெயின்ட். நிழற்குடையில் பஸ்ஸுக்கு நிற்பவர் இரண்டையும் படிப்பதில்லை.

வாசுதேவநல்லூரிலிருந்து மதுரை சாலையில் வடக்கே, சிவகிரியைத் தாண்டினால் ராஜபாளையம். அந்த ஊர்க்காரரான பி.எஸ். குமாரசாமி ராஜா 1949 ஏப்ரலில் சென்னை மாகாணப் பிரதமர் ஆனார். இந்தியா குடியரசானதும் அதே பதவி முதலமைச்சர் பதவியாயிற்று. 1952 பொதுத்தேர்தலில், சொந்த மண்ணான ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே தோற்றார். அவர் அமைச்சரவையில் இருந்த பக்தவத்சலமும் அந்தத் தேர்தலில் தோற்றவர்தான்.

பக்தவத்சலம் திரும்பி வந்தார், 1963-ல் முதலமைச்சரும் ஆனார். குமாரசாமி ராஜா தமிழக அரசியலில் அப்படித் திரும்பவில்லை. 1954-ல் ஒரிசா ஆளுநராகப் போனார், 1957-ல் மறைந்தார். ராஜபாளையத்தில் தாம் வாழ்ந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துவிட்டார். பதவியில் இருந்தவர் வீடு பெரிதாவதைத்தான் இந்தப் பக்கத்து ஜனங்கள் பார்த்திருக்கிறார்கள். இவர் விஷயத்தில் வீடே கைமாறி ஊருக்குப் போயிற்று.

காமராஜர் வேறு மாதிரி. 1963-ல் அவராகவே முதலமைச்சர் பதவியை விட்டு இறங்கினார். 1967-ல் விருதுநகரில் ஒரு மாணவர் தலைவரிடம் 1,285 வாக்குகளில் தோற்றார். இரண்டே ஆண்டில் நாகர்கோவில் இடைத்தேர்தலில் நின்று மக்களவைக்குப் போனார். தோல்வியை அவமானமாக எடுத்துக்கொண்டிருந்தால் மறுபடி வாக்குக் கேட்டுப் படியேறியிருக்க மாட்டார்.

ஒருவர் வீட்டைக் கொடுத்தார், ஒருவர் மறுபடி களத்தில் நின்றார். இரண்டில் எது சரி என்று கேட்பதில் அர்த்தமில்லை. பதவிக்கு முன்பும் இருவருக்கும் செய்ய வேலை இருந்தது. காங்கிரஸ்காரர்களாகச் சிறைக்குப் போன காலத்தில் கோட்டையில் நாற்காலி கிடைக்கும் என்று எவரும் உத்தரவாதம் தந்திருக்கவில்லை. நாற்காலியில் தொடங்கி நாற்காலியிலேயே வளர்ந்தவர்களுக்குத்தான் தோல்விக்கு மறுநாள் காலை நீளமாகிவிடுகிறது. அமைச்சர்களுக்கு மட்டுமல்ல, கூட்டுறவுச் சங்கத் தலைவருக்கும் அதே காலைதான்.