விடாயாற்றும் ஸாரதி

ப்ரஹ்மோத்ஸவம் நிறைவுற்ற பின்னர்த் திருக்கோயில்களில் விடாயாற்றி உத்ஸவம் நடைபெறுவதை அன்பர்கள் அறிவார்கள். ‘விடாய்’ என்னும் சொல்லுக்குத் தாகம் என்றும் களைப்பு என்றும் பொருள். பல நாட்கள் வாஹனங்களில் எழுந்தருளி வீதிவலம் வந்த எம்பெருமானுக்கு இளைப்பு நீங்கச் செய்யும் உபசாரமே இது. களைப்பே அணுகாத பரம்பொருளுக்கு இளைப்பாறுதல் எதற்கு என்று வினவலாம். தளர்ந்த உயிர்கள் தம் தளர்ச்சியைக் குறித்து நாணவேண்டா என்று காட்டவே அவன் இதனை ஏற்றருளுகிறான் என்று கொள்வது பொருந்தும்.

ஸந்நிதிக்கு வருவோர் அனைவரும் மகிழ்ச்சியோடு வருபவர் அல்லர். நோயுற்ற பெற்றோருக்குப் பல ஆண்டுகள் பணிவிடை செய்து ஓய்ந்த மகளும், குடும்பச் சுமையைத் தனியே தாங்கி உள்ளம் வறண்ட தந்தையும் அக்கூட்டத்தில் நிற்கிறார்கள். திருநாமம் சொல்ல நா எழுவதில்லை; திருமஞ்சனம் ஸேவித்தும் நெஞ்சு உருகுவதில்லை. பக்தி போய்விட்டதோ என்ற அச்சம், களைப்பைக் காட்டிலும் அவர்களை அதிகம் வாட்டுகிறது.

இத்தகையோர் மஹாபாரதத்தின் த்ரோண பர்வத்தை நினைவு கொள்ளவேண்டும். யுத்தத்தின் 14-ஆம் நாள். சூரியன் மறைவதற்குள் ஜயத்ரதனை வீழ்த்துவதாக அர்ஜுனன் சபதம் செய்திருந்தான். பொழுதோ சாய்ந்துகொண்டிருந்தது, ஜயத்ரதனோ தொலைவில் இருந்தான். தேர்க்குதிரைகள் அம்புகள் தைத்துத் தாகத்தால் தளர்ந்தன. ஒரு நொடியும் வீணாக்கலாகாத அவ்வேளையில், குதிரைகளை அவிழ்த்து இளைப்பாற்றலாமா என்று அர்ஜுனன் கேட்டான். கண்ணனும் அதுவே தன் கருத்து என்றான். அர்ஜுனன் தரையில் நின்று பகைவரைத் தடுத்தான். அம்பினால் நிலத்தைப் பிளந்து நீர்நிலை உண்டாக்கினான். அம்புகளாலேயே ஒரு கூடமும் அமைத்தான். அதனுள்ளே ஜகந்நாதன் தன் திருக்கைகளால் அம்புகளைப் பிடுங்கி, உடலைத் தேய்த்து, நீராட்டி, நீரும் தீனியும் ஊட்டி, களைப்புத் தீர்ந்தபின் மீண்டும் பூட்டினான். தேர் முன்னிலும் விரைந்து சென்றது. சபதமும் அன்றே நிறைவேறியது.

சரீரம் தேர், புத்தி ஸாரதி, மனம் கடிவாளம், இந்த்ரியங்கள் குதிரைகள் என்று கடோபநிஷத் உருவகிக்கிறது. குதிரைகள் ஓய்ந்தபோது சாட்டையை ஓங்குவது நல்ல ஸாரதிக்கு அழகன்று. அவிழ்த்துவிட வேண்டிய வேளையில் அவிழ்ப்பதும் தர்மமே. அது போரைக் கைவிடுதல் ஆகாது.

இனி, உடல் ஓய்ந்தும் உள்ளம் தேறாத நிலை ஒன்றுண்டு. வேதங்களை வகுத்து, பாரதமும் இயற்றிய வ்யாஸ மஹரிஷியே ஸரஸ்வதி நதிக்கரையில் மனநிறைவின்றி அமர்ந்திருந்தார் என்று ஸ்ரீமத் பாகவதத்தின் முதல் ஸ்கந்தம் கூறுகிறது. செய்த பணியில் குறைவில்லை. ஆயினும் நெஞ்சு நிறையவில்லை. அங்கு எழுந்தருளிய நாரதரிடம் அவர் தம் குறையை மறைக்காமல் கூறினார். காரணத்தையும் அவரிடமே கேட்டார். தர்மம் முதலியவற்றை விரித்தது போல் வாஸுதேவனுடைய பெருமையை விரித்துப் பாடவில்லையே என்று நாரதர் உணர்த்தினார். அந்த வாட்டத்திலிருந்தே பாகவதம் என்னும் அமுதம் பிறந்தது.

ஆகவே, சோர்ந்தவர்கள் செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, சுமையைச் சிறிது இறக்கி, உறக்கத்தையும் உணவையும் சீராக்குதல். சுற்றத்தார் அர்ஜுனனைப் போல் முன்னின்று அதற்கு இடம் செய்து தரவேண்டும். இரண்டாவது, நம்பத்தக்க பெரியவர் ஒருவரிடம் மனத்தைத் திறத்தல். வாட்டம் பல நாட்கள் நீடித்தால் மருத்துவரை நாடுதல். தைத்த அம்பைப் பிடுங்கியவனும் பகவானே, தன்வந்தரியாய் அவதரித்தவனும் அவனே. ஆதலால் மருத்துவரை நாடுவது பக்திக்குக் குறைவன்று. மூன்றாவது, நீண்ட அனுஷ்டானங்கள் இயலாதபோது ஒரே ஒரு திருநாமத்தைச் சொல்லி, எஞ்சியதை அவனிடம் விட்டுவிடுதல். அதுவும் இயலாதாயின், ஸந்நிதியில் சும்மா அமர்ந்திருந்தாலும் போதும். இளைப்பாறிய குதிரைகள் துதி எதுவும் பாடவில்லை. அவன் கைக்கு எட்டும்படி நின்றன, அவ்வளவே.

திருவல்லிக்கேணியில் உத்ஸவர் பார்த்தஸாரதியின் திருமுகத்தில் அம்புத் தழும்புகளை இன்றும் ஸேவிக்கலாம். தன் முகத்தில் அம்பேற்றவனுக்கு அடியார் நெஞ்சில் தைத்தவை தெரியாமற் போகுமோ? அவன் திருக்கைகள் அனைவருடைய விடாயையும் ஆற்றியருளுக.

சுபம்.