அசதியும் அமானத்தும்



சென்ற றமலானில் ஓரிரவு. தராவீஹ் தொழுது, கடை அடைத்து, கணக்கும் முடித்தபோது மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. பாலிங் கடைத்தெருவே உறங்கிவிட்டது. தராசின் தட்டு ஆட்டங் கண்டிருந்தது. காலையில் தோட்டத்து ஜனங்கள் வருவார்களே என்று, கண் சொருகச் சொருக அதைக் கழற்றி மாட்டினேன். திருகாணியை முடுக்கியவன், முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்த மறந்தேன்.

மறுநாள் பத்து மணிக்குத் தோட்டத்து அம்மாள் ஒருவர் கேட்டார்: "ஏன் பாய், தட்டுல ஒண்ணுமே இல்ல, முள்ளு ஏறி நிக்குதே?"

பார்த்தேன், ஐம்பது கிராம்! அதுவரை வாங்கிப் போனவர்கள் எத்தனை பேர்! நோன்பு வாயோடு எடை குறைத்திருக்கிறேன். அளவையில் குறைப்போரை எச்சரிக்கவே திருமறையில் 83-ஆம் அத்தியாயம் இறங்கியிருக்கிறது. தெரியாமல் செய்ததை ரஹ்மான் மன்னிப்பான். ஆனால் பிறர் ஹக்கு? நினைவிலிருந்த சிலரைத் தேடிக் கொடுத்தேன். மற்றவர்களை எங்கே தேடுவேன்?

இது ஐம்பது கிராமோடு போயிற்று. 1988 டிசம்பர் 12-இல் லண்டன் கிளாபம் சந்திப்பில் ரயில்கள் மோதி 35 பேர் மாண்டனர். கைகாட்டியைப் புதுப்பித்த தொழிலாளி, பழைய கம்பி ஒன்றை வெட்டாமல் விட்டிருந்தார். அது மீண்டும் தொட்டு, 'நில்' என்ற இடத்தில் 'போ' என்றது. 13 வாரங்களில் அவருக்குக் கிடைத்த ஓய்வு ஒரே நாள் என்று விசாரணை கண்டது. அவர் வேலையை மற்றொருவர் சரிபார்க்கவுமில்லை.

நாயகம் (ஸல்) அவர்கள் ஒருமுறை பள்ளியில் இரு தூண்களுக்கிடையே கயிறு கட்டியிருக்கக் கண்டார்கள். தொழுகையில் களைத்தால் பிடித்துக்கொள்ள அன்னை ஜைனப் (ரலி) கட்டியது. அதை அவிழ்க்கச் சொல்லி, தெம்புள்ளவரை தொழுங்கள், களைத்தால் உட்காருங்கள் என்று போதித்தார்கள். வணக்கத்துக்கே இந்த விதி என்றால் தராசுக்கு?

இன்னொரு நாள் நான்கு ரக்அத் தொழுகையில் இரண்டிலேயே ஸலாம் கொடுத்துவிட்டார்கள். துல்யதைன் (ரலி) எழுந்து கேட்டார். நாயகம் கோபிக்கவில்லை, மற்றவர்களிடம் விசாரித்து, விட்டதை நிறைவேற்றினார்கள். என் கடைக்குத் துல்யதைனாக வந்தவர் அந்தத் தோட்டத்து அம்மாள்தான்.

ஆகவே வியாபாரப் பெருமக்களே! இரவில் பழுதானதைக் காலைக்கு வையுங்கள். காலையில் சரி செய்ததை இன்னொரு கண்ணுக்குக் காட்டுங்கள். கடைப் பையன்களைக் கண் விழிக்கவைத்து வேலை வாங்காதீர்கள். அவர்கள் உடலும் நம்மிடம் அமானத். பிழை சொல்பவரிடம் முகம் சுளிக்காதீர்கள்.

நம் தராசையும் நம்மையும் அல்லாஹ் நேராக நிறுத்துவானாக. ஆமீன்.