மொய் எழுதாத வேலை

சில வருடங்களுக்கு முன்னால் எங்கள் அலுவலகத்தில் டெஸ்டிங் வேலைக்கு ஓர் இண்டர்வியூ எடுத்தேன். வந்தவர் என்னைவிட நாலைந்து வயது மூத்த பெண். ரெஸ்யூமில் ஆரம்பத்தில் ஒரு கம்பெனி, அதற்குப் பிறகு ஏழு வருடம் ஒன்றுமில்லை, கடைசி இரண்டு வருடத்துக்கு மட்டும் ‘தன்னார்வலர், பள்ளி அலுவலகம்’ என்று ஒரு வரி. குழந்தைகள் படித்த பள்ளியில் போய் உட்கார்ந்து, கட்டண விவரங்களையெல்லாம் எக்செல்லில் இருந்து ஒரு சின்ன டேட்டாபேஸுக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறார். அதில் வந்த சிக்கல்களை அவர் ஆர்வமாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போது நான் நடுவில் கேட்டேன்.

“அதுக்குச் சம்பளம் உண்டா?”

“இல்லை.”

மதிப்பீட்டுப் படிவத்தில் ‘இடைவெளி: 9 வருடம்’ என்று எழுதினேன். ஏழு என்று எழுதவில்லை. அவருக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. அதற்கு வேறு காரணங்களும் இருந்தன என்று இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

இதில் ஒரு கூத்து உண்டு. எனக்கு இப்போதைய வேலை கிடைத்ததே சம்பளமில்லாத வேலையால்தான். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் உட்கார்ந்து ஓர் ஓப்பன் சோர்ஸ் லைப்ரரிக்கு இரண்டு வருடம் பேட்ச் அனுப்பிக்கொண்டிருந்தேன். கிட்ஹப்பில் அந்தப் பச்சைக் கட்டங்களைப் பார்த்துவிட்டுத்தான் கூப்பிட்டார்கள். யாரும் என்னிடம் ‘அதுக்குச் சம்பளம் உண்டா’ என்று கேட்கவில்லை. நான் செய்தால் அதன் பெயர் கான்ட்ரிபியூஷன். ஒரு பெண் பள்ளி அலுவலகத்தில் செய்தால் டைம்பாஸ்.

மறுவருடம் மதுரையிலிருந்து அக்கா போன் பண்ணினாள். பி.காம். படித்து, ஒரு ஹார்டுவேர் ஏஜென்சியில் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தவள். இரண்டாவது பிள்ளை பிறந்தபோது, 2014-இல், வேலையை விட்டாள். அவள் விட்டுவிட்டு வந்த உலகத்தில் வாட் இருந்தது. திரும்பிப் பார்த்தபோது 2017-இலிருந்தே ஜி.எஸ்.டி. நடந்துகொண்டிருந்தது. அவளுக்கு விரல் நுனியில் இருந்த பழைய டாலி, டாலி பிரைம் ஆகியிருந்தது. இரண்டு இடத்தில் நேர்காணலுக்குப் போயிருக்கிறாள். இரண்டிலும் முதல் கேள்வி: “இப்ப என்ன பண்றீங்க?”

“வீட்லதான் இருக்கேன்னு சொன்ன உடனே அவங்க கண்ணு பேப்பருக்குப் போயிருதுடா” என்றாள்.

நான் உடனே யோசனை சொன்னேன். “ஏதாவது ட்ரஸ்ட் ஆபீஸ்ல போய் சும்மா உட்காரு. கணக்கு பாத்துக் குடு. ரெஸ்யூம்ல ஒரு லைன் வரும்ல.”

எந்த வரியை இன்னொருத்தியின் காகிதத்தில் நான் செல்லாது என்று அடித்தேனோ அதே வரியை என் அக்காவுக்கு வழியாகக் காட்டினேன். போனை வைக்கும்வரைக்கும் அது உறைக்கவில்லை.

ஏழை மாணவர்களுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டும் ஒரு சின்ன அறக்கட்டளையில் சேர்ந்தாள். இரண்டு அறை, ஒரு கம்ப்யூட்டர், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர் செயலாளர். பிள்ளைகள் பள்ளிக்குப் போனதும் பத்து மணிக்குப் போய் நாலு மணிக்குத் திரும்புவாள். 2021-இலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. இல்லாவிட்டால் கைக்காசு போட்டு வேலை பார்த்திருப்பாள்.

தமிழில் ‘வெட்டி’ என்ற சொல் இருக்கிறதே, அது எனக்கு அந்த நாட்களில் அடிக்கடி ஞாபகம் வந்தது. வேலை இல்லாதவனை வெட்டிப்பய என்கிறோம், வெட்டி ஆபீசர் என்கிறோம். ஆனால் சோழர் காலக் கல்வெட்டுகளில் வெட்டி என்றால் கூலி வாங்காமல் செய்தே ஆக வேண்டிய கட்டாய வேலை. தெலங்கானாவில் நிலப்பிரபுக்கள் ஊரையே வாட்டிய வெட்டிச் சாக்கிரியிலும் இருப்பது அந்த வெட்டிதான். முதுகு ஒடிய வேலை செய்தவனைக் குறித்த சொல் எப்படி வேலையே செய்யாதவனைக் குறிக்கும் சொல்லாயிற்று? சொல்லாராய்ச்சிக்காரர்கள் தகுந்த விளக்கம் வைத்திருக்கக்கூடும். எனக்குத் தோன்றுவது இதுதான்: கூலி இல்லையென்றால் வேலையே கண்ணுக்குத் தெரிவதில்லை. நான் படிவத்தில் ஒன்பது என்று எழுதியபோது அந்த மாற்றத்தை ஐந்து நொடியில் செய்து முடித்தேன்.

சம்பளமில்லாத வேலையெல்லாம் சுரண்டல் என்று சொல்லிவிட்டால் எளிது. 1982-இல், டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர்கள் வழக்கில், உச்ச நீதிமன்றம் ஒரு பெரிய விஷயத்தைச் சொன்னது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ஒருவர் உழைக்கிறார் என்றால் அது அரசியலமைப்பின் 23-ஆவது பிரிவு தடுக்கிற கட்டாய உழைப்பு. சாட்டையும் பூட்டும் இருந்தால்தான் கட்டாயம் என்றில்லை, வறுமையும் கட்டாயம்தான். அந்தத் தீர்ப்பு கல்லுடைத்தவர்களையும் மண் சுமந்தவர்களையும் பற்றியது, அக்காவைப் பற்றியது இல்லை. அவளை யாரும் கூப்பிடவில்லை. தானே போய்க் கதவைத் தட்டினாள். ஆனால் அவள் தட்டியது வேறு கதவு திறக்காததால்தானே?

இங்கிலாந்தில் நடந்த ஒன்றைப் பார்க்கலாம். கேய்ட் ரெய்லி என்ற நிலவியல் பட்டதாரிப் பெண், வேலை இல்லாதோருக்கான அரசு உதவித்தொகையில் இருந்தபடி பர்மிங்காமில் ஓர் அருங்காட்சியகத்தில் சம்பளமில்லாமல் உதவிக்கொண்டிருந்தார். அருங்காட்சியகத் துறையிலேயே வேலைக்குப் போக வேண்டும் என்பது ஆசை. 2011-இல் அவரை அதை நிறுத்தச் சொல்லி, ஒரு மலிவுவிலைக் கடையில் சம்பளமில்லாமல் அலமாரி அடுக்கவும் தரை கூட்டவும் அனுப்பினார்கள். போகாவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும் என்று சொல்லப்பட்டது. அவர் வழக்குப் போட்டார். அந்தத் திட்டத்தின் விதிமுறைகள் செல்லாது என்று 2013-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரைக்கும் உறுதியானது. ஆனால் அது கட்டாய உழைப்பு என்ற வாதத்தை நீதிமன்றங்கள் ஏற்கவில்லை.

எனக்கு இதில் தீர்ப்பைவிட அந்தப் பெண்ணின் நிலைதான் முக்கியம். இரண்டு இடத்திலும் சம்பளம் பூஜ்யம். ஒன்றைத் தன் பாதை என்று நினைத்தார், மற்றதை அநியாயம் என்று நீதிமன்றம் போனார். இரண்டிலும் அவர் சரி. ஆக, கேள்வி பூஜ்யத்தில் இல்லை. யார் தேர்ந்தெடுத்தது, அது எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதில் இருக்கிறது.

இதை அக்காவிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய கண்டுபிடிப்பு மாதிரி சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே வேறு ஒன்றைச் சொன்னாள். அலுவலகத்தைக் கூட்டித் துடைக்க ஓர் அம்மா வருவார். ஒருநாள் அவர், “உங்களுக்கு மாசம் எவ்வளவு மேடம்?” என்று கேட்டிருக்கிறார். சம்பளம் இல்லை என்றதும் அவருக்குப் புரியவில்லை. மறுபடி கேட்டிருக்கிறார். பிறகு, “எங்க வீட்ல இப்படி ஒரு மாசம் போனா அடுப்பு எரியாது மேடம்” என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அக்கா தேர்ந்தெடுத்தாள் என்றால், அத்தானின் சம்பளம் வீட்டுக்கு வருவதால் தேர்ந்தெடுத்தாள். அந்த அம்மாவின் மகள் பி.காம். படித்துவிட்டு வேலை தேடினால் இந்த நாற்காலியில் வந்து உட்கார முடியாது.

அதோடு நிற்கவில்லை. பழைய கணக்கைச் சரிபார்க்கும்போது டாலியில் ‘சம்பளம் – கணக்காளர்’ என்று ஒரு லெட்ஜர் கண்ணில் பட்டிருக்கிறது. பகுதிநேரமாக ஒருவர் வந்துகொண்டிருந்திருக்கிறார். மாதம் 8,000. அவர் நின்ற பிறகு அந்த லெட்ஜரில் ஒரு பதிவும் இல்லை.

“கடைசி என்ட்ரிக்கு அப்புறம் இருக்கிற காலி இடம் இருக்குல்ல, அதுதாண்டா நான்.”

நான் கோபப்பட்டேன். அவள் படவில்லை. “வருசத்துக்கு 96,000. மூணு பிள்ளைங்க ஃபீஸ். அந்த மூணு பேருக்கும் போன் பண்ணி மார்க்ஷீட் கேக்குறது நான்தான். நிறுத்திட்டு எனக்குக் குடுங்கன்னு கேக்கச் சொல்றியா?”

இதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போதும் முழுப் பதில் இல்லை. லாபம் பார்க்கும் கம்பெனி ‘அனுபவம் கிடைக்கும்’ என்று சொல்லி ஆறு மாதம் சும்மா வேலை வாங்கினால் அது திருட்டு, அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. இங்கே அப்படிச் சொல்லிவிட முடியவில்லை. பணம் நல்ல வழியில்தான் போகிறது. கொடுக்கிறவளும் மனசாரத்தான் கொடுக்கிறாள். ஆனால் மனசாரக் கொடுக்கும்போதே அவளுக்கு வேறொன்றும் வேண்டியிருக்கிறது. பிரதிபலன் எதிர்பார்த்தால் அது தொண்டா என்று நம்மில் பலரும் கேட்போம். அந்தக் கேள்வியே தப்பு என்று எனக்கு உணர்த்தியது மொய் நோட்டு.

புதுக்கோட்டை, தஞ்சாவூர் பக்கம் கீரமங்கலம், பேராவூரணி ஊர்களில் ஆடி மாதம் மொய் விருந்து நடக்கும். கறிச்சோறு போட்டு, கல்யாணம் காதுகுத்து எதுவும் இல்லாமலேயே மொய் வாங்குவார்கள். பந்தலில் நோட்டோடு ஆள் உட்கார்ந்திருப்பார். யார், எந்த ஊர், எவ்வளவு, எல்லாம் எழுதப்படும். நாளைக்கு அவர் வீட்டில் விருந்து என்றால் திருப்பிச் செய்ய வேண்டும். மார்செல் மோஸ் என்ற பிரெஞ்சு மானுடவியலாளர் 1925-இல், அன்பளிப்பு என்பது கொடுப்பது, பெறுவது, திருப்பிச் செய்வது என்ற மூன்று கடமைகளும் சேர்ந்தது என்று எழுதினார். நம்மூர்ப் பந்தலில் நோட்டோடு உட்கார்ந்திருப்பவருக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எழுதி வைப்பதால் மொய் வைத்தவரின் பாசம் குறைந்துவிட்டது என்று அங்கே யாரும் நினைப்பதில்லை. எழுதாமல் விட்டால்தான் சண்டை.

அக்காவுக்கு அந்த அலுவலகத்திலிருந்து வேண்டியிருந்தது பணம் இல்லை. ‘இவள் வந்தாள், இந்த வேலையைச் செய்தாள், சரியாகச் செய்தாள்’ என்று சொல்ல ஒரு சாட்சி. ஒன்பது வருடத்தில் அவள் தொலைத்தது திறமையை இல்லை, சாட்சியைத்தான். வீட்டுக்குள் அவள் நடத்திய வரவுசெலவுக்கு யார் கையெழுத்துப் போடுவார்கள்? கொடுப்பவர் மனத்தில் என்ன இருந்தது என்று துருவ வேண்டியதில்லை. வாங்கிக்கொண்ட இடம் அதை எழுதி வைத்ததா என்றுதான் பார்க்க வேண்டும். எழுதாமல், ‘நீங்க எங்க குடும்பம் மாதிரி’ என்று சொல்லிக்கொண்டே காலத்தைத் தள்ளுகிற அலுவலகம், எவ்வளவு நல்ல காரியம் செய்தாலும், கூலியைப் பிடித்து வைத்திருக்கிறது.

பதினாலாவது மாதம் அக்கா கடிதம் கேட்டாள். செயலாளர் அன்றைக்கே கொடுத்தார். ‘சமூக அக்கறையோடும் இன்முகத்தோடும் தன்னலமற்ற சேவை புரிந்தார்.’ லெட்டர்ஹெட், முத்திரை எல்லாம் இருந்தது. கணக்கு என்ற சொல் மட்டும் இல்லை.

அக்கா திருப்பி எடுத்துக்கொண்டு போய், “சார், இன்முகத்த எடுத்துருங்க. பேங்க் ரீகன்சிலியேஷன்னு போடுங்க” என்றிருக்கிறாள். நன்கொடையாளர்களுக்கான 80ஜி ரசீது, மே 31-க்குள் வருமான வரித்துறைக்குத் தாக்கல் செய்ய வேண்டிய 10பிடி படிவம், அதன் பிறகு கொடுக்க வேண்டிய 10பிஇ சான்றிதழ் என்று ஒரு பட்டியலைக் கையோடு டைப் செய்தும் வைத்திருந்தாள்.

பெரியவருக்கு முகம் சுருங்கிவிட்டது. “என்னம்மா, கணக்கு பாத்தா வந்தீங்க?”

“ஆமா சார். கணக்கு பாக்கத்தான வந்தேன்.”

அவர் கெட்டவர் இல்லை. சிரித்துவிட்டாராம். சிரித்துவிட்டுப் புதுக் கடிதம் கொடுத்தார்.

அந்தக் கடிதத்தோடு ஓர் ஆடிட்டர் அலுவலகத்துக்குப் போனாள். அந்த ஆடிட்டரிடம் அறக்கட்டளைகள் நிறைய. 10பிடி தெரியுமா என்று கேட்டார். தெரிந்தது. மாதம் 16,000. அங்கே சம்பளம் உண்டா என்று அவர் கேட்கவில்லை. எல்லோருக்கும் இப்படி அமையாது என்று தெரியும். நான் இண்டர்வியூ எடுத்த பெண்ணிடமும் சொல்வதற்கு விவரம் இருந்தது. கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. அவர் பெயர் எனக்கு இப்போது ஞாபகம் இல்லை. எங்கள் படிவத்தில் இன்னமும் ‘அனுபவம் (சம்பளத்துடன்)’ என்று ஒரே ஒரு கட்டம்தான். மாற்றச் சொல்லி ஹெச்ஆருக்கு இரண்டு மெயில் போட்டேன். அந்த மென்பொருளில் அதை மாற்ற முடியாது என்று பதில் வந்தது. நானும் அதே தொழிலில்தான் இருக்கிறேன், முடியும் என்று எனக்குத் தெரியும். மூன்றாவது மெயில் இன்னும் போடவில்லை.

அறக்கட்டளைக்கு இப்போது வேறொரு பெண் வருகிறார். ஆறு வருட இடைவெளி. அக்கா மூன்று சனிக்கிழமை போய் வேலை சொல்லிக்கொடுத்தாள். போகும்போது கடையில் ஒரு நீள நோட்டு வாங்கிப் போயிருக்கிறாள். தேதி, செய்த வேலை, எவ்வளவு நேரம் என்று கோடு போட்டு, முதல் பக்கத்தில் அந்தப் பெண்ணின் பெயர், சேர்ந்த நாள், அதற்குக் கீழே ‘எதுவரை’ என்று எழுதி, “இது ஆறு மாசத்துக்கு மேல போகக்கூடாது சார். போனா லெட்ஜரத் திறங்க” என்று சொல்லியிருக்கிறாள். வாரம் ஒருதடவை அவர் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

“போட்டாரா?” என்று கேட்டேன்.

“மொத வாரம் போட்டாரு” என்றாள்.