சின்னவளிடம் யார் சொல்வது?

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வயதுப் பையன் நுனிக்காலில் நடக்கிறான், படி ஏறத் திணறுகிறான், தரையிலிருந்து எழும்போது தொடையில் கையை ஊன்றி ஊன்றி எழுகிறான். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் காட்டி, இரத்தம் வெளியூருக்குப் போய், டூஷென் தசைச்சிதைவு என்று முடிவு வருகிறது. அம்மாவையும் சோதிக்கிறார்கள். பழுதான மரபணுவைச் சுமப்பவள் அவள். அவளுக்கு ஒரு தங்கை, ஆவணியில் கல்யாணம். முடிவை விளக்கும் மரபணு ஆலோசகரிடம் பையனின் ஆச்சி தனியாக வந்து கேட்கிறாள்: “சின்னவகிட்ட மட்டும் சொல்லிராதிய. தாலி ஏறட்டும்.”

அவளைக் கல்நெஞ்சக்காரி என்று சொல்லிவிட முடியாது. பேரன் கண்முன்னே தளர்ந்துகொண்டிருக்கிறான், மிச்சமிருக்கும் ஒரு மகளாவது கரைசேரட்டும் என்று நினைக்கிறாள். அந்த வீட்டில் பெண்ணெடுத்தால் பிள்ளை நடக்காது என்று ஒரு பேச்சு கிளம்பினால், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர் தாண்டிச் சேரன்மகாதேவி போய்ச் சேர ஒரு பொழுது போதும். அக்காளுக்கும் ஒரு நியாயம் உண்டு. சோதனை முடிவு அவளுடையது, அவள் சம்மதமில்லாமல் அதை இன்னொருவரிடம் சொல்ல ஆலோசகருக்கு உரிமையில்லை.

இந்த நோய்க்குக் காரணமான டிஸ்ட்ரோஃபின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு, ஒன்று பழுதானாலும் மற்றது பெரும்பாலும் ஈடுகொடுத்துவிடும். ஆணுக்கு ஒன்றுதான். சுமக்கும் தாய்க்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வரப் பாதி வாய்ப்பு, ஒவ்வொரு மகளும் சுமப்பவளாகப் பாதி வாய்ப்பு. பையன்கள் பன்னிரண்டு வயதையொட்டிச் சக்கர நாற்காலிக்குப் போகிறார்கள். ஸ்டீராய்டு மருந்து அந்த நாளைத் தள்ளிப்போடும், தடுத்துவிடாது.

இப்படி ஒரு பிள்ளையைப் பார்த்ததும் நம் ஊரில் முதலில் வரும் கேள்வி, “சொந்தத்துல கட்டினதா?” 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் உறவுத் திருமணம் 28 சதவீதம், நாடு முழுவதற்கும் 11 சதவீதம். கேள்வி வருவது இயல்புதான். தாயும் தகப்பனும் ஒரே பழுதைக் கொடுத்தால்தான் வரும் நோய்களுக்கு அது சரியான கேள்வியும்கூட. டூஷெனுக்கு அது பொருந்தாது. அத்தை மகனைக் கட்டினாலும் அயலூர்க்காரனைக் கட்டினாலும் கணக்கு மாறாது. ‘சொந்தத்தில் கட்டாதே’ என்ற பிரசாரத்தை மட்டும் கேட்டு வளர்ந்த தங்கை, தனக்கு வெளியில்தானே பார்த்திருக்கிறார்கள் என்று நிம்மதியாக இருப்பாள். அறியாமையைவிட மோசமான நிம்மதி அது.

இனி அவளுடைய கணக்கு. பழுது ஆச்சியிடமிருந்து வந்திருந்தால் தங்கையும் சுமக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அக்காளிடமே புதிதாகத் தோன்றியிருந்தால் தங்கைக்கு ஆபத்து மிகமிகக் குறைவு. ஒரு இரத்தச் சோதனை இதைத் தீர்த்துவிடும். ஆக, மறைப்பது அவளைக் காப்பாற்றும் என்பது பாதி உண்மைகூட இல்லை. ஊர் ஏற்கெனவே கிசுகிசுக்கிறது என்றால், அந்தப் பேச்சை முறிக்கக்கூடிய ஒரே காகிதத்தையும் அவளுக்கு இல்லாமல் ஆக்குகிறோம். அவள் சுமப்பவளாகவே இருந்தாலும், சுமக்கும் பெண்களில் சிலருக்கு வயது ஏறும்போது இதயத் தசை பலவீனப்படும். அவ்வப்போது எக்கோ எடுத்துப் பார்க்க வேண்டியது அவளுடைய சொந்த உடம்புக்காக.

‘தாலி ஏறட்டும்’ என்பதில் காலக் கணக்கும் உதைக்கிறது. கருவைச் சோதிக்க நஞ்சுக்கொடித் திசு எடுப்பது 11 முதல் 13 வாரத்துக்குள். 1994ஆம் ஆண்டுச் சட்டம் கருவின் பாலினத்தைச் சொல்லத் தடை விதிக்கிறது, ஆனால் பால்சார் மரபு நோய்களுக்கான சோதனையை அனுமதிக்கிறது. அதற்குமுன் குடும்பத்தில் என்ன பழுது என்று தெரிந்திருக்க வேண்டும். கல்யாணமான முதல் வருஷமே பிள்ளையை எதிர்பார்க்கும் ஊரில், பிறகு சொல்லலாம் என்ற பிறகு வருவதேயில்லை.

1998இல் உச்ச நீதிமன்றம் ‘திரு. எக்ஸ் எதிர் மருத்துவமனை இசட்’ வழக்கில் ஒரு தீர்ப்பு சொன்னது. ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பதை மருத்துவமனை வெளியிட்டதால் அவர் கல்யாணம் நின்றுபோனது. அந்தரங்க உரிமை எல்லையற்றதல்ல, மணக்கவிருந்த பெண்ணின் உயிர் அதைவிடப் பெரிது என்றது நீதிமன்றம். இதைப் பிடித்துக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டுக்கும் சொல்ல வேண்டியதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. வழக்கு வேறு. எச்.ஐ.வி. துணைக்குத் தொற்றும். மனைவி சுமக்கும் மரபணு கணவனை எதுவும் செய்யாது. பிறக்கப்போகும் பிள்ளையில் அவனுக்கும் பங்குண்டு என்ற வாதத்துக்கு எடை இருக்கிறது, மறுக்க முடியாது. ஆனால் மனிதர் எவரும் சில பழுதான மரபணுக்களையாவது சுமக்காமல் இல்லை. மாப்பிள்ளை தன் பட்டியலை ஜாதகத்தோடு சேர்த்து அனுப்பவில்லையே. அவனிடம் சொல்வதா, எப்போது என்பது அவள் எடுக்க வேண்டிய முடிவு. அந்த முடிவை எடுக்கவே அவளுக்கு விஷயம் தெரிந்தாக வேண்டும்.

‘மரபணு ஆலோசனை’ என்ற பெயரை 1947இல் வைத்தவர் அமெரிக்காவின் ஷெல்டன் ரீட். யார் பிள்ளை பெறலாம், யார் கூடாது என்று தீர்ப்பளித்த இனமேம்பாட்டுவாதத்தின் கறை அந்தத் துறையின் பிறப்பிலேயே இருந்தது. அந்த வழியில் போகக் கூடாது என்றுதான் ‘முடிவை நீங்கள் எடுங்கள், நான் விவரம் மட்டும் சொல்கிறேன்’ என்ற தொழில்நெறி வேரூன்றியது. நல்ல நெறிதான். சிக்கல், அந்த ‘நீங்கள்’ யார் என்பதில். நம் ஊர் ஆலோசனை அறையில் மாமியார், மாமன், பெரியப்பா என்று நாலு நாற்காலி நிறைந்திருக்கும். யாருடைய இரத்தமோ அவள் கதவோரம் நிற்பாள். குடும்பத்தின் முடிவுக்கு மதிப்புக் கொடுக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு, உரக்கப் பேசுகிறவருக்கு மதிப்புக் கொடுத்துவிடுவோம். ‘தாய்வழி’ என்ற சொல்லை அந்த அறையில் அவிழ்த்துவிட்டால் மாமியாருக்கு அறிவியலே ஆயுதம் எடுத்துக் கொடுத்தது போலாகும். பழுதுக்கும் குற்றத்துக்கும் உறவில்லை என்பதை, கேட்காமலே, முதலில் சொல்லிவிட வேண்டும்.

ஆலோசகர் என்ன செய்யலாம்? முதலில் அக்காளையே சொல்ல வைக்க முயல வேண்டும், தேவைப்பட்டால் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து. அவள் மறுத்தால்? சோதனை முடிவுதான் இரகசியம், நோய் இரகசியமல்ல. பையனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வருகிறவளே பல சமயம் சித்திதான். ‘இந்த வகை நோய் சில வீடுகளில் பெண்கள் வழியாக வரும், வேண்டுமென்றால் நீங்களும் சோதித்துக்கொள்ளலாம்’ என்று அவளிடம் தனியே சொல்வதில் யாருடைய முடிவும் வெளியாவதில்லை. வேண்டாம் என்று அவள் சொன்னால் அதுவும் அவள் உரிமை. சோதித்துப் பார்த்துவிட்டு மாப்பிள்ளையிடம் வாய் திறக்காமலே அவள் மணவறையில் உட்கார்ந்தாலும், அந்த வீட்டார் போன் போட்டு விசாரித்தால் ஆலோசகர் பதில் சொல்ல வேண்டியதில்லை.